சீர்திருத்தப் பள்ளி: ஒரு மிரட்டலின் வரலாறு

எங்கள் பக்கம் பிள்ளைகளை மிரட்டுவதற்கென்றே சில வாசகங்கள் உண்டு. சின்னப் பிள்ளைக்குப் பூச்சாண்டி. கொஞ்சம் வளர்ந்தவனுக்குப் போலீஸ். போலீசுக்கும் பயப்படாத பையனுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது: "ஏலே, இனிமே சேட்டை பண்ணினேன்னா சீர்திருத்தப் பள்ளிக்கூடத்துல கொண்டு போட்டுருவேன், பாத்துக்கோ." ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், நாசரேத் என்று தாமிரபரணிக் கரையோரம் வளர்ந்தவர்களில் இதை ஒரு தடவையாவது கேட்காதவர்கள் குறைவு. சொல்கிறவரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, கேட்கிறவனும் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் அது என்ன என்று தெரியும். பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்த ஜெயில்.

அந்தப் பெயர் எப்படி வந்தது, பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்த இடம் எப்படி மிரட்டலாக மாறியது, அதற்குள் போன பிள்ளைகளின் மனசுக்கு என்ன ஆனது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பஞ்ச காலத்தில் இரண்டு வழிகள்

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் சிறுவனுக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. திருடினால் பெரியவனுக்கு என்னவோ அதுதான் சிறியவனுக்கும். 1850-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம்தான் முதல் விலகல். 10 வயது முதல் 18 வயது வரையுள்ள, குற்றம் செய்த அல்லது ஆதரவற்ற பிள்ளைகளை ஜெயிலில் போடாமல் ஒரு தொழிலாளியிடம் வேலை பழக விடலாம் என்றது அது. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது குற்றமே ஆகாது என்றது. 7-லிருந்து 12 வரை, அந்தப் பிள்ளைக்குத் தான் செய்வது இன்னதென்று புரிகிற பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். (இதே விதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது.)

கருணை போலத் தெரிகிறதா? நாலே வருஷத்தில், 1864-ல், கசையடிச் சட்டம் வந்தது. சிறுவர்களை ஜெயிலில் போடுவதற்குப் பதிலாகப் பிரம்பால் அடித்து அனுப்பலாம். சிறுவன் என்பதால் மெல்லிய பிரம்பு! இந்தியாவில் கசையடித் தண்டனை சட்டப்படி ஒழிந்தது 1955-ல்தான்.

பிறகு 1876. சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் என்ற பெயர் முதன்முதலில் வந்த வருஷம். அதே 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பேசிய அந்தப் பெரும்பஞ்சமும் தொடங்கியது. 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கி எடுத்த பஞ்சம். பசியால் ஊரை விட்டு ஓடியவர்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள், ஒரு படி தானியத்துக்காகக் கை வைத்தவர்கள்...

ஆழ்வார்திருநகரியிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் போனால் அடுத்த ஸ்டேஷன் நாசரேத். அங்கே 1876-ல் வந்து சேர்ந்த கனோன் மர்காஷிஸ் என்ற மிஷனரி, பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு 1878-ல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரில் இன்றும் அங்கே மேல்நிலைப்பள்ளி இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே பசி, ஒரே ஜில்லா, ஒரே வயது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போன பையன் தச்சு வேலையோ தையலோ கற்றுக்கொள்கிறான். யாரும் கூட்டிப்போகாமல் கடைத்தெருவில் திருடிப் பிடிபட்ட பையன் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கிறான். ஒருவன் அனாதை, இன்னொருவன் குற்றவாளி. இரண்டு பேருக்கும் நடந்தது ஒன்றுதான். கேட்ட கேள்விதான் வேறு. ஒருவனிடம் "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். இன்னொருவனிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டார்கள். இந்த இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது வருஷக் கதையும் இதற்குள்தான் ஓடுகிறது.

செங்கல்பட்டு, 1887

சென்னை மாகாணத்தின் சீர்திருத்தப் பள்ளி 1887-ல் செங்கல்பட்டில் தொடங்கியது. 1897-ல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 15 வயதுக்குக் கீழே உள்ள பையன், ஜெயில் தண்டனை பெறக்கூடிய குற்றம் செய்தால், ஜெயிலுக்குப் பதில் சீர்திருத்தப் பள்ளி. காலம் மூன்று வருஷத்துக்குக் குறையக் கூடாது, ஏழு வருஷத்தைத் தாண்டக் கூடாது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சில்லறைத் திருட்டுக்குப் பெரியவன் சில மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அதையே செய்த 11 வயதுப் பையன் குறைந்தது மூன்று வருஷம் வீட்டைப் பார்க்க முடியாது. ஏனென்றால் அவனுக்குக் கொடுப்பது தண்டனை இல்லையாம், திருத்தமாம்! தண்டனைக்கு அளவு உண்டு. திருத்துவதற்கு ஏது அளவு?

தச்சு, நெசவு, படிப்பு, டிரில் எல்லாம் இந்த மாதிரிப் பள்ளிகளில் உண்டு. நல்ல எண்ணத்தில் நடத்தியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அன்றைய நம்பிக்கை ஒன்றுதான்: பிள்ளை கெட்டுப்போனது கெட்ட வீட்டால், கெட்ட கூட்டத்தால். அங்கிருந்து பிரித்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பிரிப்பதே ஒரு காயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நம்பிக்கையின் உச்சம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவுக்கு வந்த சட்டத்தை 1897-ல் திருத்தியபோது, அந்தச் சமூகங்களின் பிள்ளைகளை 4 வயது முதல் 18 வயது வரை பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைக்க அதிகாரம் கொடுத்தார்கள். நாலு வயதுப் பிள்ளை என்ன குற்றம் செய்யும்? பிறந்ததுதான் குற்றம். 1911-ல் இந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது பிள்ளைகளைப் பிரிக்கிற அதிகாரமும் கூடவே வந்தது. நம் தென்மாவட்டங்களில் கைரேகைச் சட்டம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் அது ஒழிந்தது. பிரிக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து அப்பாவாகி, தாத்தாவாகி இருப்பார்கள். அவர்கள் மனசில் இருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

சென்னைதான் முதலில்

குறை மட்டும் சொல்லக் கூடாது. நம் மாகாணம் பெருமைப்படவும் ஒரு விஷயம் இருக்கிறது.

1919-20-ல் இந்தியச் சிறைக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதன் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண அதிகாரி. பிள்ளைகளை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1920-லேயே சென்னை குழந்தைகள் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலேயே முதல். வங்காளம் 1922, பம்பாய் 1924. சிறுவர்களை வயதுக்கேற்ப ஜூனியர், சீனியர் என்று பிரித்துப் பள்ளிகள் நடத்தினார்கள்.

கொஞ்சம் பெரிய பையன்களுக்கு 1925-ன் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம். பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமம். 1902-ல் அங்கேதான் இளைஞர்களைப் பெரிய கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஊரின் பெயரே முறைக்குப் பெயராகி, கப்பலேறி நம் ஊர் வரை வந்துவிட்டது. 16 முதல் 21 வயது வரை, இரண்டு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை. தஞ்சாவூரில் இருந்தது, பிறகு பாளையங்கோட்டையில். நம் பக்கத்துப் பிள்ளைகள் "பாளையங்கோட்டைக்குப் போயிட்டான்" என்றால் அதற்குக் காலேஜ் என்றும் அர்த்தம் உண்டு, ஆஸ்பத்திரி என்றும் அர்த்தம் உண்டு, இந்த அர்த்தமும் உண்டு!

அதே 1925-ல் வியன்னாவில் என்ன நடந்தது தெரியுமா? அகஸ்ட் ஐக்கார்ன் என்ற பள்ளி ஆசிரியர், வழிதவறிய இளைஞர்களோடு தான் பழகிய அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் சிக்மண்ட் பிராய்ட். முரட்டுத்தனம் என்பது ஒரு காயத்தின் வெளித்தோற்றம், அடித்து அடக்குவதால் அது உள்ளே போகுமே தவிரப் போய்விடாது என்பதுதான் ஐக்கார்ன் சொன்னதன் சாரம். நாம் கட்டடத்தை இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்தோம். இந்த யோசனையை யாரும் இறக்குமதி செய்யவில்லை.

நாற்பத்து நாலு திருடர்கள்

1944-ல் லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர், தன் மருத்துவமனைக்கு வந்த 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாரும் திருட்டுக் கேஸ். திருடாத 44 பிள்ளைகளோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தத் திருட்டுப் பிள்ளைகளில் 14 பேர் யார்மீதும் ஒட்டாமல், பாசம் என்பதே இல்லாதவர்கள் போல இருந்தார்கள். அந்த 14 பேரில் 12 பேர் மிகச் சிறுவயதில் நீண்ட காலம் தாயிடமிருந்து பிரிந்து இருந்தவர்கள்.

44 பேர் என்பது சின்னக் கணக்குதான். பிற்காலத்தில் பௌல்பியைப் பலர் விமர்சித்தும் இருக்கிறார்கள். தாயை மட்டுமே பேசினார், அப்பாவை, வறுமையை எல்லாம் பார்க்கவில்லை என்று. நியாயமான விமர்சனம். ஆனால் கேள்வி மாறிவிட்டது பாருங்கள். "என்ன திருடினாய்" என்பதிலிருந்து "யாரை இழந்தாய்" என்பதற்கு.

அதற்குப் பிறகு பெரிய கணக்குகள் வந்தன. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயை (சுருக்கமாக பிடிஎஸ்டி) தன் பட்டியலில் சேர்த்தது. 1998-ல் வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் குழந்தைப் பருவத்துத் துன்பங்களைக் கேட்டு, அவற்றின் எண்ணிக்கை கூடக் கூடப் பிற்கால நோய்களும் கூடுவதைக் காட்டினார்கள்.

நம் விஷயத்துக்கு நேரடியானது சிகாகோ ஆய்வு. லிண்டா டெப்ளின் குழுவினர் 1995-க்கும் 1998-க்கும் இடையில் சிகாகோவின் சிறுவர் காவல் இல்லத்தில் 1,829 பேரைப் பேட்டி கண்டார்கள். பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கும், பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கும் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை. அவர்களில் ஒரு பகுதியினரிடம் தனியாகக் கேட்டபோது, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொடுமையான ஒரு நிகழ்வையாவது அனுபவித்தவர்கள். அடி, துப்பாக்கிச் சூடு, கண்ணெதிரே சாவு.

இந்தியாவில்? மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 பிள்ளைகள். மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர்கள். இது காவலில் உள்ள பிள்ளைகள் கணக்கு மட்டும் இல்லை. வீட்டில், பள்ளியில், தெருவில், வேலை செய்யும் இடத்தில், இல்லங்களில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும். நம் வகுப்பும்தான்.

திமிர் என்று நாம் சொல்வது

இந்தக் காயம் எப்படி வேலை செய்கிறது? கொஞ்சம் எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பாவோடு வாழும் பையனின் உடம்பு ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்கும். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதி எப்போதும் விழித்தே இருக்கும். யோசித்து நிதானிக்கும் பகுதி முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஆக, எரிகிற அடுப்பு உண்டு, அணைக்கிற தண்ணீர் இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் பிழைத்திருக்க இது உதவும். வகுப்பறையில் இதுவே குற்றம். வாத்தியார் குரலை உயர்த்தினால் மற்றவன் தலை குனிவான், இவன் முறைப்பான். அல்லது கல் மாதிரி நிற்பான், பதிலே வராது. இரண்டையும் நாம் திமிர் என்கிறோம்.

இப்போது இந்தப் பையனைக் காவலில் வையுங்கள். இரவில் கதவு பூட்டும் சத்தம், உடையைக் கழற்றிச் சோதனை, வரிசையில் நிறுத்தி எண்ணுவது, பெரிய பையன்களின் அதிகாரம், காப்பாளரின் லத்தி. எந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு பயப்படப் பழகியதோ அதே சத்தங்கள். அவன் சண்டை போடுகிறான். சண்டைக்குத் தண்டனை. தண்டனையால் இன்னும் பயம். சிலர் சண்டை போடுவதில்லை, கையைக் கீறிக்கொள்கிறார்கள், ஓடப் பார்க்கிறார்கள், பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் என்றாலே என்ன என்று எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தது உலகத்துக்கே தெரியும். அவர்கள் பெரியவர்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிறியவர்கள்.

பேசாமல் இருக்கும் பிள்ளை என்றதும் எங்கள் ஊரின் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. நம்மாழ்வார் பிறந்ததிலிருந்து அழவில்லை, பால் குடிக்கவில்லை. பெற்றோர் அவரை ஆதிநாதர் கோயில் புளியமரத்தடியில் விட்டார்கள். பதினாறு வருஷம் பேசாமல் இருந்தார். திருக்கோளூர் மதுரகவி வந்து ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். அது ஞானத்தின் மௌனம், இது வலியின் மௌனம். இரண்டையும் ஒப்பிட வரவில்லை. ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது மதுரகவிதான். ஊர் முழுக்கப் பார்த்துவிட்டுப் போன பிள்ளையின் முன்னால் நின்று, பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்டவர் அவர். நம் இல்லங்களில் பஞ்சம் அந்த மாதிரி ஆளுக்குத்தான்.

1986-லிருந்து 2015 வரை

சுதந்திரத்துக்குப் பிறகும் பிள்ளைகள் ஜெயிலில் இருந்தார்கள். பத்திரிகையாளர் ஷீலா பார்சே ஜெயில்களில் கிடந்த 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986-ல் நீதிமன்றம் பிள்ளைகளை ஜெயிலில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. நாடு முழுமைக்குமான முதல் சிறார் நீதிச் சட்டமும் அதே 1986-ல் வந்தது. பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று வயது வைத்தார்கள். 1992-ல் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2000-த்தில் புதிய சட்டம், இருபாலருக்கும் 18. பார்ஸ்டல் பள்ளிகள் இதன் பிறகு 18 முதல் 21 வயது வரையிலானவர்களுக்கானவை ஆயின.

பெயர்களும் மாறின. குற்றவாளி என்று சொல்லக் கூடாது, சட்டத்துடன் முரண்பட்ட சிறார். விசாரணைக் காலத்தில் வைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். எழுத்தில் பார்த்தால் "உனக்கு என்ன ஆச்சு" என்ற கேள்வி கடைசியில் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

அப்புறம் 2012 டிசம்பர் டெல்லிச் சம்பவம். நாடே கொதித்தது. பிடிபட்டவர்களில் ஒருவன் 18 நிரம்பாதவன். 2015-ல் சட்டத்தைத் திரும்ப எழுதினார்கள். ஏழு வருஷமோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றம் என்றால், 16 முதல் 18 வயதுக்காரனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாம். அதற்கு முன் அவனது மனப் பக்குவத்தைக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். 2022-ல் உச்ச நீதிமன்றம், குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. பல பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உளவியலாளரைப் பார்ப்பது எப்போது? அவனைக் குணப்படுத்தவா? இல்லை, அவனைப் பெரியவனாகக் கணக்கில் எடுக்கலாமா என்று தீர்மானிக்க!

அதே செங்கல்பட்டு

2022 டிசம்பர் 31. திருட்டுப் புகாரில் பிடிக்கப்பட்டுச் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுப் பையன் இறந்தான். சேர்க்கப்பட்டுச் சில நாள்கூட ஆகவில்லை. உடலில் அடிபட்ட காயங்கள். இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். 1887-ல் சென்னை மாகாணம் சீர்திருத்தப் பள்ளி தொடங்கிய அதே ஊர். 135 வருஷம்.

இதைத் தொடர்ந்து 2023-ல் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் அறிக்கை வந்தது. இந்த இல்லங்களை நடத்தத் தனி இயக்ககமே வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று.

கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒரு காயம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் இலங்கை. 2000 அக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் புகுந்து கொன்றது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் உண்டு. காவலுக்கு நின்ற போலீஸ் தடுக்கவில்லை. 2005-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் எஞ்சிய குற்றவாளிகளையும் விடுவித்துவிட்டது. முகாமின் பெயர் என்ன பார்த்தீர்களா? புனர்வாழ்வு. இங்கே சீர்திருத்தம், அங்கே புனர்வாழ்வு. பலகையில் எழுதிய சொல் உள்ளே இருப்பவனைக் காப்பாற்றுவதில்லை.

வெட்டுப்பட்டவன் கதி?

இதுவரை படித்தவர்களில் சிலருக்குக் கோபம் வந்திருக்கும். வரவேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்து மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2025 மார்ச்சில் எங்களுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவைகுண்டம் பகுதியில் பரீட்சைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. பிடிபட்ட மூன்று பேரும் 18 நிரம்பாதவர்கள். விரல் போன பையனிடம் போய் "வெட்டியவனுக்கும் சிறுவயதுக் காயம் இருக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சொல்லவும் கூடாது. முதலில் வெட்டுப்பட்டவனின் மனசைப் பார்க்க வேண்டும். பஸ் ஏறும்போதெல்லாம் அவன் உடம்பு என்ன பாடுபடும்? அதற்கு யார் மருந்து போடுவது? அதிர்ச்சி பற்றிய எல்லா அறிவும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அவன் வீடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதி வெறி என்பது நோய் கிடையாது, கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம். அடிபட்டு வளர்ந்த எல்லாரும் அரிவாள் எடுப்பதில்லை. மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் துன்புறுத்தாமல் தங்களுக்குள்ளேயே வாடுகிறார்கள். காயத்தைக் காரணம் காட்டிக் குற்றத்தைக் கழுவிவிட முடியாது.

ஆனால் அடுத்த கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று பேரும் ஒருநாள் வெளியே வருவார்கள். இதே ஊருக்குத்தான் வருவார்கள். சட்டப்படி சிறாருக்குத் தூக்கும் கிடையாது, விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. உள்ளே இருக்கும் காலத்தில் அவன் அடி வாங்கிக்கொண்டு, பெரிய பையனிடம் புதுத் தொழில் கற்றுக்கொண்டு, சாதிப் பெருமையை இன்னும் இறுக்கிக்கொண்டு வந்தால் யாருக்கு நஷ்டம்? அடுத்து வெட்டுப்படப் போகிறவனுக்குத்தான். ஆகவே உள்ளே ஒரு நல்ல மனநல ஆலோசகர் இருப்பது வெட்டியவனுக்குச் செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம். வெளியே இருக்கிற நமக்குப் பாதுகாப்பு அது.

கடைசியாக

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. 1850, 1876, 1897, 1920, 1925, 1986, 2000, 2015... ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சட்டம். எல்லாச் சட்டமும் வயதைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் சண்டை போட்டது. 15-ஆ, 16-ஆ, 18-ஆ? ஜெயிலா, பள்ளியா, இல்லமா? கட்டடத்துக்குள் இரவு பத்து மணிக்கு அழுகிற பையனின் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. அந்த வேலைக்கு ஆள் போட வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது கட்டடம் மாதிரித் திறப்பு விழா நடத்தக்கூடிய சமாச்சாரம் கிடையாது!

நம்மால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒன்று உண்டு. 2015 சட்டத்திலேயே இரண்டு நல்ல பிரிவுகள் இருக்கின்றன. சிறாரின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவனைப் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, பழைய வழக்கு படிப்புக்கோ வேலைக்கோ தடையாக இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் மீறுவது பெரும்பாலும் போலீஸும் கோர்ட்டும் இல்லை, நாம்தான். செல்போனில் படத்தைப் பரப்புவது நாம். திரும்பி வந்தவன் பெஞ்சில் உட்காரும்போது பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போவது நாம். பெயருக்கு முன்னால் பட்டப்பெயர் சேர்ப்பது நாம்.

உங்களில் யாருக்காவது வீட்டிலோ வெளியிலோ தாங்க முடியாத எதாவது நடந்துகொண்டிருந்தால், 1098 குழந்தைகளுக்கான இலவச எண். மனசு சரியில்லை, பேச ஆள் வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ், தமிழிலும் பேசலாம். கேஸ் ஆவதற்கு முன்னாலேயே ஒருவனிடம் "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க முடிந்தால் எந்தச் சட்டமும் தேவைப்படாது. அந்தக் கேள்விக்குப் படிப்பு தேவையில்லை. பதிலைக் கேட்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.